எழுதவைத்த கையை எப்போது எடுப்பது?

விஜயதசமி நாளில் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவார்கள். தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பியிருக்கும். குழந்தையை மடியில் இருத்தி, அதன் சுட்டுவிரலைப் பிடித்து, குருக்களோ ஊரின் மூத்த ஆசிரியரோ அரிசியில் 'அ' எழுதவைப்பார். முதல் தடவை விரல் விறைத்து நிற்கும். சில பிள்ளைகள் அழுதுவிடும். இரண்டு மூன்று தடவை எழுதியபின் விரல் தானே வளையத் தொடங்குவது, பிடித்திருப்பவரின் கைக்குத் தெரியும். அந்த எழுத்தை எழுதியது யார்? பிள்ளையா, பிடித்த கையா?

இது சமய நூல்களோடு நின்றுவிடுகிற கேள்வி போலத் தோன்றலாம். ஆனால் தேற்றாத்தீவில் ஒரு வகுப்பறைக்குள் காலையில் நுழையும் ஆசிரியர், தெரிந்தோ தெரியாமலோ இதற்கு ஒரு விடையை மனதில் வைத்துக்கொண்டுதான் நுழைகிறார். பிள்ளையின் பிழையை அவர் பார்க்கும் விதம், பிரம்பை எடுப்பதா விடுவதா என்பது, கடைசி வாங்கில் இருப்பவனின் பெயர் அவருக்கு நினைவிருக்கிறதா என்பது எல்லாம் அந்த விடையிலிருந்தே வருகின்றன.

தமிழ்ச் சைவச் சூழலில் இதற்கு இரண்டு பெரிய விடைகள் உண்டு. ஒன்று வேதாந்தத்தின் விடை. அறிவு ஆன்மாவின் இயல்பு, அது உள்ளே நிறைந்தே இருக்கிறது, மறைப்பை விலக்குவதே கல்வி என்பது அது. விவேகானந்தர் கல்வியைப் பற்றிச் சொன்னவற்றின் மையம் இதுதான். மற்றது சைவ சித்தாந்தத்தின் விடை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞானபோதத்தைத் தந்தார். அந்த மரபின்படி, உயிருக்கு அறியும் தகுதி உண்டு, ஆனால் அறிவிக்க ஒருவர் இல்லாமல் அது தானாக அறியாது. கண்ணுக்குப் பார்க்கும் ஆற்றல் இருந்தும், ஒளி வந்து கலந்தால்தான் அது காணும் என்று சித்தாந்திகள் விளக்குவார்கள்.

இந்த இரண்டு விடைகளையும் தன் வாழ்க்கையில் ஒன்றாகச் சுமந்தவர் தேற்றாத்தீவுக்கு அயலவர். மட்டக்களப்பு–கல்முனை வீதியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கிறது தேற்றாத்தீவு. அதே வீதியில் தெற்கே கல்முனையைத் தாண்டினால் காரைதீவு வரும். வடக்கே போனால் கல்லடி உப்போடை. காரைதீவில் 1892இல் மயில்வாகனமாகப் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947இல் காலமாகி, 1929இல் தான் கல்லடியில் தொடங்கிய சிவானந்த வித்தியாலய வளவிலேயே அடக்கமானார். சைவக் குடும்பத்துப் பிள்ளையான அவர் படித்தது கல்முனையில் மெதடிஸ்த மிஷனாரிடமும், மட்டக்களப்பில் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரியிலும். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தார். அதற்குப் பிறகே, 1922இல், மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். ஆசிரியராக இருந்தவர் துறவியானார், துறவியான பின்னும் ஆசிரியராகவே இருந்தார்.

அவர் வேதாந்தத் துறவி. பிள்ளைக்குள் அறிவு இருக்கிறது என்று நம்பியவர். ஆனால் 'உள்ளே இருந்தால் வெளியே வரும்' என்று கையைக் கட்டிக்கொண்டு அவர் நிற்கவில்லை. கல்லடியில் ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்க இல்லம் அமைத்தார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தபோது, அருகிலுள்ள திருவேட்களத்தில் தீண்டாமையால் ஒதுக்கப்பட்டிருந்த மக்களின் சேரிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். எல்லாப் பிள்ளைகளுக்குள்ளும் அறிவு இருக்கிறது என்பது வெறும் கொள்கையானால் பேராசிரியர் பதவியே போதும். அதை மெய்யாகவே நம்புகிறவருக்குத்தான், ஒளி எட்டாத இடத்துக்கு நடந்துபோக வேண்டியிருக்கிறது.

இன்றைய வகுப்பறையில் இது எப்படி இருக்கும்? 302இலிருந்து 148ஐக் கழிக்கச் சொன்னால், சில பிள்ளைகள் 246 என்று எழுதுவார்கள். சரியான விடை 154. சிவப்புப் பேனையால் ஒரு பிழை போட்டுவிட்டு அடுத்த கொப்பிக்குப் போய்விடலாம். நின்று கேட்கவும் செய்யலாம். "இது எப்படி மகன் வந்த?" "பெரிசில இருந்து சின்னதக் கழிக்கிறதானே சேர்." 8இலிருந்து 2 போக 6, 4இலிருந்து 0 போக 4, 3இலிருந்து 1 போக 2. பிள்ளை கவனமில்லாமல் எழுதவில்லை. ஒரு விதியை உருவாக்கி, ஒவ்வொரு இடத்திலும் அதைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறான். விதிதான் பிழை. அவனுக்குள் அறிவு வேலை செய்கிறது என்பதற்கு அந்தப் பிழையே சாட்சி. பத்தை உடைத்து ஒன்றுகளாக்கும் வழியோ அவனுக்குத் தானாக வராது, யாராவது காட்ட வேண்டும். வேதாந்தம் சொல்வதும் சித்தாந்தம் சொல்வதும் ஒரு கழித்தல் கணக்குக்குள் இப்படிச் சேர்ந்தே கிடக்கின்றன.

இரண்டையும் பிரித்து, ஒன்றை மட்டும் தப்பாகப் பிடித்துக்கொள்ளும்போதுதான் ஆபத்து. "இருக்கிறவனுக்கு வரும், இல்லாதவனுக்கு என்ன செய்தாலும் மண்டையில ஏறாது" என்ற பேச்சு, உள்ளே அறிவு உண்டு என்ற கொள்கையின் சிதைந்த வடிவம். "நான் சொல்லாமல் இதுகளுக்கு என்ன தெரியும்" என்ற பேச்சு மற்றக் கொள்கையின் சிதைவு. குருவைச் சிவனாகக் காணும்படி மாணவனுக்குச் சித்தாந்தம் சொல்கிறது. தன்னைச் சிவனாக நினைத்துக்கொள்ள ஆசிரியருக்கு அது அனுமதி தரவில்லை.

அதற்குச் சான்றாக மெய்கண்டார் வரலாறே போதும். சைவநெறிப் பாடத்தில் சந்தான குரவர்களைப் படித்த பிள்ளைகளுக்கு அது தெரியும். சகல ஆகமங்களும் கற்ற அருணந்தி சிவாச்சாரியார், திருவெண்ணெய்நல்லூரில் சின்னப்பிள்ளையான மெய்கண்டாரிடம் போய், ஆணவத்தின் நிலை எப்படியிருக்கும் என்று கேட்டாராம். பிள்ளை வாய் திறக்கவில்லை. நிமிர்ந்து நின்ற அவரையே விரலால் சுட்டிக் காட்டியது. அந்த இடத்திலேயே பெரியவர் சின்னவருக்கு மாணவரானார், பின்னர் சிவஞான சித்தியாரை எழுதினார். தன் மாணவன் தன்னைச் சுட்டிக் காட்டக்கூடும் என்று எதிர்பார்க்கிற ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். பிரம்புக்கு அங்கே வேலை இராது. இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விட்டுப் பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடுத்திருக்கிறது. ஆனால் சுற்றறிக்கை தடுப்பது கையை மட்டும். "நீ உதவமாட்டாய்" என்ற சொல்லை ஆசிரியர் தானேதான் தடுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சொல் அதிகம் காயப்படுத்தும் காலம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக் காலம். பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்களின் படங்கள் பதாகைகளில் ஏறும். அவர்களைப் பாராட்டுவது நியாயம். ஆனால் உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாகும் என்பது சித்தாந்தத்தின் இன்னொரு துணிபு. பத்து வயதில் 'குறைந்தவள்' என்ற பெயரைச் சார்ந்துவிட்ட பிள்ளை, அந்த நிறத்தையே எடுத்துக்கொள்ளும். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றவர்களும் ஆறாம் ஆண்டில் அதே வீதியால் பாடசாலைக்கு வருவார்கள். பதாகையில் பெயர் வராத ஒருத்தியை முதல் நாளே பெயர் சொல்லி அழைத்து, அவளால் சொல்லக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்டு, பிழையாகச் சொன்னாலும் "எப்படி மகள் இந்த விடை வந்த?" என்று விசாரிக்கிற ஆசிரியர்தான் அவளுக்கு வேண்டும்.