சட்டைக்கு வெளியே வந்த பெயர்

தமிழ்நாட்டுக் கல்யாண வீடுகளில் பட்டுப்புடவையைத் தொட்டுப் பார்க்கும் விரலுக்குப் பின்னாலேயே ஒரு கேள்வியும் வரும்: "எந்தக் கடையில எடுத்தது?" தி.நகரிலோ காஞ்சிபுரத்திலோ உள்ள பெயர்பெற்ற கடையைச் சொன்னால் புடவையின் மதிப்பு ஒரு படி ஏறும். அந்தக் கடையின் கட்டைப்பை, கிழியும்வரை பஸ்ஸிலும் ரேஷன் கடை வரிசையிலும் கூடவே வரும். மகன் நைக்கி ஷூ கேட்டால் "வெட்டிப் பகட்டு" என்று திட்டுவதும் இதே வீடுகள்தான். பெயருக்குக் காசு கொடுப்பது தவறென்றால், அது இந்தத் தலைமுறை கண்டுபிடித்த தவறல்ல.

ஆனாலும் கேள்வி நிற்கிறது. சில நூறு ரூபாய்க்கு நல்ல பருத்திச் சட்டை கிடைக்கும்போது, மார்பில் ஒரு சின்னம் இருக்கிறது என்பதற்காகப் பல மடங்கு விலை கொடுக்கச் சொல்லி வீட்டை நெருக்குவது நியாயமா?

1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலில் ஆடம் ஸ்மித் லினன் சட்டையைப் பற்றிப் பேசுகிறார். உயிர்வாழ அது தேவையில்லை. பழைய கிரேக்கரும் ரோமானியரும் லினன் இல்லாமலே சுகமாக இருந்தார்கள் என்பது அவர் எண்ணம். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில் அந்தச் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வரக் கூலித் தொழிலாளியும் கூசுவார் என்பதால், அதை அவர் அத்தியாவசியப் பொருள்களின் கணக்கில் சேர்த்தார். தாராளச் சந்தைக்காரர்கள் தந்தையாகக் கொண்டாடும் மனிதரே, குளிரைப் போக்குவதோடு கூச்சத்தைப் போக்குவதையும் தேவையாக எண்ணியிருக்கிறார்.

தமிழருக்கு இதை ஸ்மித் வந்து சொல்ல வேண்டியதில்லை. தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதிகளில், மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859இல் அரசு இறங்கிவந்து பிறப்பித்த ஆணையிலும் ஒரு கொக்கி இருந்தது: மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் பாணியில் உடுத்தக் கூடாது. துணியை விட்டுக்கொடுத்தவர்களுக்குப் பாணியை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அம்பேத்கரோ கோட்டும் சூட்டுமாகப் பொதுவெளியில் நின்றார். எளிமையாக உடுத்தச் சொல்லும் உபதேசம் இந்த இருவருக்கும் ஒரேபோலப் பொருந்தாது. பிராண்டு ஆசையை அந்தச் சாதிக் கொடுமையோடு சமமாக வைப்பதும் தவறுதான். ஆனால் சட்டையைப் பார்த்துத் தன்னை எடைபோடுகிறார்கள் என்று கல்லூரிக்கு முதல் நாள் வரும் கிராமத்துப் பையன் நினைத்தால், அது அவனுடைய கற்பனை அல்ல.

ஆக, தாழ்வாக எண்ணப்படக் கூடாது என்ற விருப்பத்தில் குற்றமில்லை. அந்த விருப்பத்துக்கு விற்கப்படும் மருந்தில்தான் கோளாறு. சட்டையின் பெயர் முன்பெல்லாம் காலருக்கு உள்ளே, அணிபவரின் பிடரியில் இருந்தது. 1933இல் டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்த் தொடங்கிய நிறுவனம் முதலைச் சின்னத்தை மார்பில் தைத்தது. வெளியே தெரியும்படி சின்னம் வைத்த முன்னோடிகளில் அது ஒன்று. அப்படி வெளியே வந்த பெயருக்கு மதிப்பு இருக்க வேண்டுமென்றால் எல்லோரிடமும் அது இருக்கக் கூடாது. பர்பெரி நிறுவனம் விற்காத சரக்கை மலிவாகத் தள்ளிவிடாமல், ஒரே நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புக்கு அழித்தது 2018இல் வெளியே தெரிந்து, கண்டனம் எழுந்த பிறகே அந்த வழக்கத்தைக் கைவிட்டது. சின்னத்துக்குக் கொடுக்கும் விலையில், வாங்க முடியாதவர்களை வெளியே நிறுத்துவதும் அடங்கியிருக்கிறது. ஒருவன் தன் கூச்சத்தைப் போக்கிக்கொள்ள வாங்கும் சட்டை, பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்குக் கூச்சத்தைக் கொடுக்கிறது.

அப்படியானால் மலிவுச் சட்டை சுத்தமானதா? திருப்பூர் காதர்பேட்டைக்குப் போனால் இந்தக் கேள்வி சிக்கலாகும். ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய 'சர்ப்ளஸ்' பனியன்களும், செக்கிங்கில் கழிந்த சரக்கும் அங்கே குவிந்து கிடக்கும். பலவற்றில் கழுத்து லேபிளை வெட்டியிருப்பார்கள். அதே நூல், அதே தையல், அதே கைகள். விலை குறைந்ததால் தைத்தவருக்குக் கூலி கூடிவிடவில்லை. வங்கதேசத்தில் தையல் ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,134 பேர் இறந்தபோது, அங்கே தைக்கப்பட்டவற்றில் கணிசமானவை மேற்கு நாடுகளின் மலிவு விலைக் கடைகளுக்கான உடைகள். யாருக்காகத் தைத்தார்கள் என்பதை நிரூபிக்க இடிபாடுகளில் லேபிள்களைத்தான் தேடினார்கள். பெயர் இருந்ததால் பொறுப்புக் கேட்க ஓர் ஆள் கிடைத்தார். தமிழ்நாட்டிலும் ஆலைப் பெண்கள் மீதான பாலியல் வன்முறையைத் தடுக்கும் 2022ஆம் ஆண்டின் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் எச் அண்ட் எம், கேப் போன்ற பிராண்டுகளைக் கையெழுத்திட வைக்க முடிந்தது. பெயரில்லாத சட்டை விஷயத்தில் எந்த வாசலில் போய் நிற்பது? மலிவாக வாங்கினாலே அறம் நிறைவேறிவிட்டது என்று நிம்மதியடைய இடமில்லை.

இளைஞர் பங்குக்குப் பழியே இல்லையா என்றால், உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டு வரவு செலவு தெரியாது. கல்லூரியில் படிப்பவருக்குத் தெரியும். ஷூவுக்காக அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது என்று அறிந்தும் அடம்பிடித்தால் அதில் கூச்சத்தைச் சாக்காகச் சொல்ல முடியாது. 'ஃபர்ஸ்ட் காப்பி' எனும் போலியை வாங்குபவரை மட்டும் கொஞ்சம் மென்மையாகப் பார்க்கலாம். போலிச் சரக்கு விற்றால் 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. அணிந்து திரிபவரை அந்தச் சட்டம் தண்டிப்பதில்லை. இவர்கள் எல்லோரையும்விடக் கூடுதலாகக் கேள்வி கேட்கப்பட வேண்டியவர், அலமாரி நிறைய வைத்துக்கொண்டு அடுத்தவருடைய 'பிளாட்பாரச் சட்டை'யைப் பார்த்துச் சிரிப்பவர். அவரிடம் யாரும் அறம் பேசுவதில்லை.

இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட்டில் ஒரு பள்ளி அப்படி வசதி உள்ளவர்களிடமே போனது. வுட்சர்ச் உயர்நிலைப்பள்ளி 2018இல் கனடா கூஸ், மோன்க்ளேர் போன்ற விலையுயர்ந்த குளிர்கோட்டுகளைத் தடைசெய்தது. வாங்க முடியாத மாணவர்கள் அவமானப்படக் கூடாது என்பதே காரணம். போட்டி அதன்பின் செல்போனுக்கோ தோள்பைக்கோ தாவலாம்தான். ஆனாலும் அங்கே விட்டுக்கொடுக்கும்படி கேட்கப்பட்டவர்கள், இல்லாதவர்கள் அல்ல, இருப்பவர்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலும் உடை விதி இருக்கிறது: ஜீன்ஸ் கூடாது, டி-ஷர்ட் கூடாது. காதர்பேட்டையில் வாங்கிய டி-ஷர்ட்டை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். காலர் வைத்த சட்டையென்றால் மார்பில் எந்த விலைச் சின்னம் இருந்தாலும் உள்ளே போகலாம்.