விலை வேலைக்கா, ஆளுக்கா?



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! நம் மஹல்லாவில் கார் உட்புறம் சுத்தம் செய்யும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர், போன வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒரு மஸ்அலா கேட்டார்.

"ஹஜ்ரத், நேத்து ரெண்டு இன்னோவா வந்துச்சு. ஒண்ணு ஒரு டாக்டரோடது. இன்னொண்ணு வாடகை வண்டி ஓட்டுற ஒரு அண்ணனோடது. ரெண்டுலயும் வேலை ஒரே அளவுதான். டாக்டர்கிட்ட 3,500 வாங்கினேன். அந்த அண்ணன்கிட்ட 2,000 வாங்கினேன். ரெண்டு பேருமே சந்தோஷமாத்தான் கொடுத்தாங்க. ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் வரல. இது ஹலாலா?"

தூக்கம் வராமல் போனதே ஈமானின் அடையாளம். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். நீங்கள் கார் கழுவுபவராக இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஏதோ ஒரு வேலைக்கு விலை சொல்பவராகவோ, விலை கேட்பவராகவோ நீங்கள் இருப்பீர்கள்.

விலை சொல்வது உங்கள் உரிமை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உழைப்புக்கு விலை கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. மதீனாவில் ஒருமுறை விலைவாசி ஏறியது. எங்களுக்கு விலை நிர்ணயித்துத் தாருங்கள் என்று மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைச் செய்யவில்லை. விலையை ஏற்றுபவனும் இறக்குபவனும் அல்லாஹ்தான், யாருடைய உயிரிலும் பொருளிலும் அநீதி செய்தவனாக நான் அவனைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. விலையைக் கட்டாயப்படுத்திக் குறைப்பதும் ஒருவருக்கு அநீதியாகிவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

ஆகவே இன்னோவாவுக்கு இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று பள்ளிவாசல் மிம்பரிலிருந்து நான் சொல்லப்போவதில்லை.

சம்மதம் மட்டும் போதுமா?

அந்தத் தம்பியிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். "உன் வழக்கமான விலை என்ன தம்பி?" என்றேன். "2,500 ஹஜ்ரத்" என்றார். "டாக்டர் ஏதாவது கேட்டாரா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதுதான் எல்லாருக்கும் ரேட்டான்னு கேட்டார். ஆமான்னு சொல்லிட்டேன்" என்றார்.

சகோதரர்களே! தூக்கத்தைக் கெடுத்தது அந்த "ஆமா"தான்.

குர்ஆனின் நான்காவது அத்தியாயம் 29வது வசனத்தில், பரஸ்பர திருப்தியோடு நடக்கும் வியாபாரத்தை அல்லாஹ் நமக்கு அனுமதிக்கிறான். ஆனால் பொய்யைக் கேட்டுவிட்டு ஒருவர் அடையும் திருப்தி, அந்தப் பொய்யின் மீது வந்த திருப்தி. உண்மை தெரிந்தால் அது நிற்குமா?

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் வெளியூரிலிருந்து சரக்கு கொண்டு வருபவர்களைச் சிலர் சந்தைக்கு வெளியிலேயே போய்ச் சந்தித்து வாங்கிக்கொள்வார்கள். நபியவர்கள் அதைத் தடுத்தார்கள். வந்தவருக்குச் சந்தை விலை தெரியாது. அவரும் சம்மதித்துத்தான் விற்கிறார், ஆனால் தெரியாமல் சம்மதிக்கிறார். நம் கடைக்கு வரும் டாக்டரும் அப்படித்தான். அவருக்கு நோயைப் பற்றித் தெரியும். சீட் ஷாம்பூ வாஷுக்கு ஊரில் என்ன விலை என்று தெரியாது. "நீங்களே பார்த்துப் போடுங்க பாய்" என்று நம்பிக்கையோடு விட்டுவிடுகிறார். இப்படி விலை தெரியாமல் நம்பி ஒப்படைப்பவருக்கு ஃபிக்ஹில் முஸ்தர்ஸில் என்று தனிப்பெயரே உண்டு. அவரை மிதமிஞ்சி ஏமாற்றினால் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்பது ஹன்பலி மத்ஹபின் சட்டம். முறிக்கும் உரிமையில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. பொய் சொல்வது பாவம் என்பதில் வேறுபாடு இல்லை.

பஸராவில் யூனுஸ் இப்னு உபைத் (ரஹ்) என்ற தாபிஈ துணிக்கடை வைத்திருந்தார்கள். அவர்கள் தொழப் போயிருந்த நேரத்தில், கடையிலிருந்த அவர்களின் உறவுப் பையன் 200 திர்ஹம் மதிப்புள்ள ஆடையை ஒரு கிராமவாசிக்கு 400க்கு விற்றுவிட்டான். வழியில் அந்த மனிதரைச் சந்தித்த யூனுஸ் (ரஹ்) அவர்கள் விவரம் கேட்டு, அவரைத் திரும்ப அழைத்து வந்தார்கள். "எங்கள் ஊரில் இது 500 போகும், எனக்குத் திருப்திதான்" என்று அவர் சொல்லியும் விடாமல் 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். "அவர் விரும்பித்தானே வாங்கினார்" என்று பையன் சொன்னபோது, உனக்கு விரும்புவதை அவருக்கும் நீ விரும்பியிருக்க வேண்டாமா என்ற பொருளில் கண்டித்தார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இந்தச் சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் டிரைவருக்குக் குறைத்தது? அது நல்ல அமல்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். டிரைவருக்கு 500 குறைந்தது. டாக்டரிடம் 1,000 கூடியது. நான் சொன்னேன்: "தம்பி, ஸதகா செய்தது நீ. பணம் டாக்டருடையது. அவரிடம் கேட்டாயா?" உன் 2,500லிருந்து நீ 500 குறைத்திருந்தால் அது உன் கையிலிருந்து போன இஹ்ஸான். அதற்கான கூலியை அல்லாஹ்விடம் எதிர்பார்க்கலாம்.

வண்டியைப் பார், பிறகு விலை சொல்

விலையில் வித்தியாசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வித்தியாசம் வேலையிலிருந்து வர வேண்டும். ஆளுடைய சட்டையிலிருந்து வரக்கூடாது.

ஐந்து பேர் உட்காரும் வண்டியும் ஏழு பேர் உட்காரும் வண்டியும் ஒன்றல்ல. ரெக்சின் சீட்டைத் துடைத்துவிடலாம். துணி சீட்டில் கறையைக் கரைத்து, உறிஞ்சி, காய வைக்க வேண்டும். மேல்கூரைத் துணியை அதிகம் நனைத்தால் பசை விட்டுத் தொங்கிவிடும். பல வண்டிகளில் சீட்டுக்கு அடியில் ஏர்பேக் வயர்கள் இருக்கும். மேட்டைத் தூக்கினால் ஆறு மாதத்துக்கு முன் கொட்டிய பால் இருக்கும். இவையெல்லாம் நேரம். நேரம்தான் கூலி.

கூலிக்கு ஒருவரை அமர்த்தினால் கூலியைத் தெரியப்படுத்திவிடுங்கள் என்ற அறிவிப்பு நஸாயீயில் அபூ ஸயீத் (ரலி) அவர்கள் வழியாக வருகிறது. கூலியும் தெரிந்திருக்க வேண்டும், வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது இஜாரா சட்டத்தின் அடிப்படை. மூஸா (அலை) அவர்கள் மத்யனில் வேலைக்குச் சேர்ந்த வரலாற்றை ஸூரத்துல் கஸஸில் படித்துப் பாருங்கள். எட்டு வருடம் என்று முதலிலேயே பேசப்பட்டது. பத்தாக நிறைவு செய்தால் அது உங்கள் விருப்பம், உங்களைச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்று அந்தப் பெரியவர் சொல்கிறார். கடமை எது, அன்பளிப்பு எது என்று வேலை தொடங்கும் முன்பே பிரித்துவிட்டார்கள்.

ஆகவே, "வண்டியை விட்டுட்டுப் போங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். அவர் முன்னாலேயே மேட்டைத் தூக்கிப் பார்த்து விலை சொல்லுங்கள். நடுவில் எதிர்பாராத கறை வந்தால் போன் செய்து கேளுங்கள். கேட்காமல் செய்த அதிக வேலைக்குப் பிறகு பணம் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. அது நீங்களாகச் செய்த உபகாரம்.

என்னுடைய கணக்கு

எப்படி விலை போடுவது என்று அந்தத் தம்பியோடு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். ஏழு சீட் வண்டிக்கு இரண்டு பையன்கள், ஐந்து மணி நேரம். மணிக்கு ஆளுக்கு 100 என்றால் 1,000. ஷாம்பூ, பாலிஷ், மைக்ரோஃபைபர் துணி 250. வாடகை, கரண்ட், வேக்கம் மெஷின் தேய்மானம் 500. செலவு மட்டும் 1,750. அவர் வீட்டுக்குக் கொண்டு போக 750. மொத்தம் 2,500. நியாயமான விலை என்று எனக்குப் பட்டது.

பிறகு மாதத்தில் எத்தனை வண்டி என்று கேட்டேன். "50 வரும் ஹஜ்ரத். அதுல ஒரு பத்து நம்ம ஆளுங்க" என்றார். நம்ம ஆளுங்க என்றால் காசு கிடையாது என்று அர்த்தம். சொந்தக்காரர்கள், ஜமாஅத் பெரியவர்கள், நண்பர்கள். சின்ன வண்டிக்குக் கைச்செலவு 1,200 என்றால் பத்து வண்டிக்கு 12,000. அதை மீதி 40 வண்டிகளின் மீது பிரித்தால் வண்டிக்கு 300.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று மாதத்துக்கு முன் என் பழைய ஆல்ட்டோவின் பின் சீட்டில் என் சின்னவன் வாந்தி எடுத்துவிட்டான். இதே கடையில் விட்டேன். இரண்டு பையன்கள் அரை நாள் வேலை பார்த்தார்கள். எவ்வளவு என்று கேட்டேன். "ஹஜ்ரத்துகிட்ட காசா? துஆ செய்யுங்க போதும்" என்றார். ஜஸாகல்லாஹ் என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

அந்தப் பத்தில் நானும் ஒருவன். டாக்டரிடம் கூடுதலாகப் போன ஆயிரத்தில் என் சீட்டின் கூலியும் இருந்திருக்கலாம். மனம் விரும்பிக் கொடுத்தால் அது ஹதியா. வெட்கத்தால் கொடுத்தால்? "இல்லை" என்று சொல்ல முடியாத இடத்தில் அவரை நிறுத்தியது என் தலைப்பாகை.

மறுநாள் 1,200 ரூபாய் கொண்டு போனேன். வாங்க மறுத்தார். "துஆ நான் எப்படியும் செய்வேன் தம்பி, அது இதற்குக் கூலி இல்லை" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அன்றே டாக்டருக்கு போன் செய்தார் என்று கேள்விப்பட்டேன். என்ன பேசினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

உள்ளே இருக்கும் ஈரம்

விலையைச் சரியாகச் சொல்லிவிட்டு வேலையைக் குறைத்தால் அதுவும் அளவையில் மோசடிதான். ஸூரத்துல் முதஃப்பிஃபீன் தராசுக்கு மட்டும் இறங்கியதல்ல.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டது என்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்ல என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் வரும் ஹதீஸ் இது.

கார் வேலை செய்பவர்களே! உங்கள் தொழிலிலும் ஈரம் உள்ளேதான் இருக்கிறது. மேலே சீட் பளபளக்கும். கார்ப்பெட்டுக்கு அடியில் பஞ்சு காய்ந்திருக்காது. அவசரமாக சென்ட் அடித்து வண்டியைக் கொடுத்தால் மூன்றாம் நாள் நாற்றம் வரும். காய இன்னும் நேரம் வேண்டும் என்றால் சொல்லுங்கள். போகாத கறை என்றால் போகாது என்று பணம் வாங்கும் முன்பே சொல்லுங்கள்.

வண்டியைக் கொடுப்பவர்களுக்கு

காலையில் 2,500க்குச் சம்மதித்துவிட்டு, மாலையில் வேலை முடிந்த பிறகு "2,000 வச்சுக்கோங்க" என்கிறோமே, அது பேரம் அல்ல. பேசிய கூலியைக் குறைப்பது. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்வதை புகாரியில் வரும் ஹதீஸில் படிக்கிறோம். பேரம் பேச வேண்டுமானால் பையன் வாளியை எடுக்கும் முன் பேசுங்கள்.

கடைக்காரர்களே! நீங்கள் விலையைக் குறைத்தால் உங்கள் 750லிருந்து குறையுங்கள். அந்தப் பையன்களின் கூலியிலிருந்து குறைக்காதீர்கள். வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது.

சகோதரர்களே! இன்று வீட்டுக்குப் போனதும் யோசித்துப் பாருங்கள். "நம்ம ஆளு" என்ற பெயரில் யாருடைய உழைப்பையாவது நீங்கள் கேட்காமல் வாங்கி வைத்திருக்கிறீர்களா? இந்த வாரமே போய்க் கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் சம்பாத்தியத்தை ஹலாலாக ஆக்குவாயாக. விலை சொல்லும் நாவில் உண்மையையும், வேலை செய்யும் கையில் அமானத்தையும் தருவாயாக. எங்கள் பொறுப்பில் கிடக்கும் பிறர் உரிமைகளை இந்த உலகிலேயே திருப்பிக் கொடுத்துவிடும் பாக்கியத்தைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.