மணி பார்த்து மாத்திரை

புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்து வீடு திரும்பியவரிடம் சேலம், நாமக்கல் பக்கத்து உறவுக்காரர்கள் சீக்கிரமே கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு: "எப்பத்திலிருந்து வேலைக்குப் போறீங்க?" அதில் இரக்கக் குறைவு ஏதுமில்லை. குமாரபாளையத்தில் தறி ஓட்டுகிறவருக்கும், சேலத்துக் கொலுசுப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து பற்றவைக்கிறவருக்கும், நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற அம்மாவுக்கும் கை நின்றால் சனிக்கிழமை கூலி நின்றுவிடும். கூலியோடும் அது முடிவதில்லை. காலையில் எழுந்து போவதற்கு ஓர் இடமும், அங்கே தன்னை எதிர்பார்க்கிற நாலு பேரும் இருக்கும்வரை அவர் தறிக்காரர், பட்டறைக்காரர். இல்லையென்றால் தெருவில் எல்லோருக்கும் அவர் 'புத்துநோய் வந்தவர்'.

அந்த வேலைக்கு முதலில் குறுக்கே வந்து நிற்பது வலி. நோய் முற்றியவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அது வருகிறது. அதற்கு மருந்து உண்டு, மார்பின் மாத்திரையின் விலையும் சாதாரணக் குடும்பத்தால் தாங்கக்கூடியதே. ஆனாலும் பல வீடுகளில் மாத்திரை அட்டை பீரோவுக்குள் இருக்க, ஆள் கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். "முடிஞ்சவரைக்கும் தாங்கிக்கலாமுங்க, தாங்க முடியாதப்பப் போட்டுக்கறேன்" என்கிறார். இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தோடுதான் சண்டை போடுகிறது.

தாங்குவதற்கு நம்மிடம் பெரிய முன்மாதிரிகள் இருக்கிறார்கள். திருவண்ணாமலையில் ரமண மகரிஷிக்கு 1949-இல் இடது கையில் சர்க்கோமா என்ற புற்றுக்கட்டி கண்டறியப்பட்டது. நான்கு முறை அறுவைச் சிகிச்சை நடந்தது. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் மறையும்வரை, தேடி வந்தவர்களுக்குத் தரிசனம் கொடுத்துக்கொண்டே இருந்தார். வியன்னாவில் உளப்பகுப்பாய்வு அறிஞர் சிக்மண்ட் பிராய்டுக்கு 1923-இல் வாயில் புற்று. பதினாறு ஆண்டுகள், முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள். மருந்து மூளையை மந்தமாக்கிவிட்டால் எழுத முடியாதே என்று, வலுவான வலி மருந்துகளை ஒதுக்கி, ஆஸ்பிரின் போன்ற எளிய மாத்திரைகளோடு காலம் தள்ளினார். 1939 செப்டம்பரில், கடைசி நேரத்தில்தான் மார்பினுக்குச் சம்மதித்தார்.

இருவரும் வணங்கத்தக்கவர்கள். ஆனால் ஞானியின் நிலையைத் தறிக்காரரிடம் எதிர்பார்ப்பது அநியாயம். பிராய்டின் பயமோ அவர் காலத்துக்கு நியாயமானது. வலி உச்சத்துக்குப் போன பிறகு ஊசி போடுவதும், அதில் ஆள் மயங்கிக் கிடப்பதும், தெளிந்தால் மறுபடி துடிப்பதும்தான் அன்றைய வழக்கம். துடிப்பது அல்லது தூங்குவது என்ற இரண்டே வழிகள் அவர் முன் இருந்தன. மூன்றாவது வழி பிற்பாடு வந்தது.

அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. செவிலியராக இருந்து, மருத்துவ சமூகப் பணியாளராகி, பிறகு நோயாளிகளின் வலிக்காகவே மருத்துவமும் படித்தவர். லண்டனில் செயின்ட் லூக் இல்லத்தில் மாலை நேரத் தொண்டு செய்தபோது ஒன்றைக் கவனித்தார். அங்கே வலி வந்தபின் மருந்து கொடுக்கவில்லை. மணி பார்த்துக் கொடுத்தார்கள், வாய்வழியே. நோயாளிகள் விழித்திருந்தார்கள், பேசினார்கள். 1958-இல் செயின்ட் ஜோசப் இல்லத்தில் அதையே முறையாகச் செய்து பதிவும் செய்தார். 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். 1986-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட புற்றுநோய் வலிக் கையேட்டின் அடிப்படையும் இதுதான்: வாய்வழியாக, மணிப்படி, வலியின் வலுவுக்கேற்ற மருந்து.

மணிப்படி என்பதன் பொருளைத் தறிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. நாடாவிலுள்ள நூல் தார் தீர்ந்து, துணியில் குறை விழுந்த பிறகா நாடாவை மாற்றுகிறார்? தீரப்போகிறது என்றதுமே கை போய்விடுகிறது. சாதாரண மார்பின் மாத்திரை ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேலை செய்யும். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று கொடுத்து, இரவு 10 மணிக்கு இரட்டிப்பாகக் கொடுப்பது நம் மருத்துவமனைகளில் பழகிப்போன முறை. நடுராத்திரி எழுந்து மாத்திரை தேடாமல் தூங்குவதற்கே அந்த இரட்டிப்பு. முந்தைய மாத்திரையின் பலன் தீருமுன் அடுத்தது உள்ளே போய்விடுவதால் வலி தலை தூக்குவதில்லை. தாங்கித் தாங்கிப் பார்த்துவிட்டுப் போடுகிறவருக்கோ, உச்சத்துக்குப் போன வலியை இறக்கப் பெரும்பாலும் கூடுதல் மருந்து தேவைப்படுகிறது.

இடையில் திடீரென்று குத்தினால் போட்டுக்கொள்ள ஒரு கூடுதல் மாத்திரையையும் டாக்டர் எழுதிக் கொடுப்பார். குளிக்கப் போனால் வலிக்கும், பஸ் குலுக்கலில் வலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அரை மணி நேரம் முன்னதாக அதைப் போட்டுக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். பல பேருடைய பகல் பொழுதை மீட்டுக் கொடுப்பது இந்தச் சின்ன ஏற்பாடுதான்.

இனி, திண்ணையில் எழும் கேள்வி. "ஏனுங்க டாக்டர், இப்பவே இதைப் போட்டுட்டா நாளைக்கு வலி முத்தினா எதைப் போடறதுங்க?" மார்பினையே கூட்டிக்கொள்ளலாம். பாராசிட்டமாலுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று எல்லை இருப்பதுபோல, படிப்படியாகக் கூட்டப்படும் மார்பினுக்குக் கட்டாய உச்சவரம்பு இல்லை. சேர்த்து வைத்தால் பின்னால் உதவும் என்று நினைப்பதற்கு இது ரேஷன் சர்க்கரையும் அல்ல. அடுத்தது, "பழக்கமாயிடுமுங்களா?" சில வாரங்கள் தொடர்ந்து எடுத்தால் உடம்பு அதற்குப் பழகும், திடீரென்று நிறுத்தினால் வேர்க்கும், வயிறு போகும், அதனால் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். போதைக்கு அடிமையாகி அதைத் தேடி அலைவது வேறு. டாக்டரின் கண்காணிப்பில் வலிக்காக எடுக்கிற புற்றுநோயாளிகளிடம் அது அரிது. அமெரிக்காவில் 1990-களிலிருந்து இந்த வகை மாத்திரைகளை நாள்பட்ட முதுகுவலிக்கெல்லாம் அள்ளிக் கொடுத்து எத்தனையோ உயிர்கள் போயின. அந்தப் பாடம் நமக்கும் உண்டு. மாத்திரையைப் பூட்டி வையுங்கள், எண்ணி வையுங்கள், மிச்சத்தை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுங்கள். அதற்காக, வலியில் கிடப்பவருக்குக் கொடுக்காமல் இருப்பது பாடமாகாது.

தூக்கம் வரும் என்பது உண்மை. முதல் சில நாட்கள் கண் சொக்கும், சிலருக்குக் குமட்டும். பெரும்பாலோருக்கு ஒரு வாரத்துக்குள் இரண்டும் அடங்கிவிடும். அந்த வாரத்திலேயே பயந்துபோய் மாத்திரையைத் தூக்கி எறிகிறவர்கள்தான் "எனக்கு அது ஒத்துக்கலைங்க" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அடங்காத தொல்லை ஒன்று உண்டு: மலச்சிக்கல். மார்பின் எடுக்கிற காலம் முழுக்க அது கூடவே இருக்கும், வாழைப்பழத்தால் மட்டும் சரியாகாது. மார்பின் சீட்டிலேயே மலமிளக்கி மாத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை என்று பெண்கள் கூச்சத்தில் சொல்லாமல் விட்டு, வயிறு உப்பி, கடைசியில் வலி மாத்திரையையே நிறுத்திவிடுவது நடக்கிறது.

சில வேலைகளுக்கு இடைவெளி விட்டே ஆக வேண்டும். நாமக்கல் லாரிக்கு ஊர், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்கு ஊர். மார்பின் தொடங்கிய நாட்களிலும், அளவு கூட்டிய நாட்களிலும் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு மதுவோடு மருந்து மயக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. அளவு நிலைத்த பின்பும் டாக்டரின் ஒப்புதல் இல்லாமல் கனரக வண்டி வேண்டாம். லாரி டிரைவர் அந்தக் காலத்தில் லோடு பார்க்கிற ஆபீஸ் வேலைக்கு மாறுவதில் கௌரவக் குறைச்சல் இல்லை. பெல்ட் ஓடுகிற தறிப்பட்டறைக்கும் முதல் வாரம் இதே எச்சரிக்கை. கூலி வாங்கிய சனிக்கிழமை மாலை டாஸ்மாக் பக்கம் போகிறவருக்கு இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும்: மதுவும் மார்பினும் சேர்ந்தால் மூச்சு நிற்கலாம். எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மெதுவாவது, கை கால் வெட்டி வெட்டி இழுப்பது ஆகியவை தெரிந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லா வலிக்கும் மார்பின் ஒன்றே போதும் என்றும் இல்லை. எரிச்சலாக, கரண்ட் அடிப்பதுபோல் ஓடுகிற நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் வகை மாத்திரைகள் துணைக்கு வேண்டும். எலும்பில் பரவியதால் வரும் வலிக்கு நம் ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்லும் கதிர்வீச்சை ஒரே ஒரு முறை கொடுத்தாலே பலருக்குக் குறைந்துவிடும். முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ, வலு இழந்தாலோ அது அவசரம். அன்றைக்கே போக வேண்டும். ஆபத்தானது, மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபெனாக் வாங்கி நாள்கணக்கில் தானாகவே போட்டுக்கொள்வது. வயிற்றில் ரத்தம் கசியும், சிறுநீரகம் கெடும். சிறுநீரகம் கெட்டால் மார்பினின் கழிவு உடம்பில் தேங்கி, பிற்பாடு அதைக் கொடுப்பதும் சிக்கலாகிவிடும்.

இவ்வளவு தெரிந்த மருந்து ஏன் எளிதில் கிடைப்பதில்லை? மார்பின் எடுக்கப்படுவது அபினியிலிருந்து. உலகத்துக்குச் சட்டப்படி அந்த அபினியை விளைவித்துக் கொடுக்கிற முதன்மை நாடு இந்தியா. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அபினி தரும் கசகசாச் செடி விளைகிறது. நீமச்சிலும் காசிப்பூரிலும் அரசு ஆலைகள் இருக்கின்றன. ஆனால் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கணக்கில் பிழை என்றாலும் பத்தாண்டுச் சிறை என்ற பயத்தை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்தது. ஒரு மாத்திரை அட்டைக்குப் பல அலுவலகங்களில் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. ஒன்று காலாவதியானால் எல்லாம் முடங்கியது. 1997-இல் நாடு முழுக்க மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்பின் வெறும் 18 கிலோவாகக் குறைந்தது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் வலி நிவாரண மருத்துவமனை தொடங்கிய டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரைப் போன்றவர்களும் பல ஆண்டுகள் போராடிய பிறகே 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்ற விதி 2015-இல் வந்தது. அதற்குப் பிறகும், 2017-இல் வந்த லான்செட் ஆணையத்தின் கணக்குப்படி, இந்தியாவில் தேவையில் 4 விழுக்காடுதான் நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. விளைகிற நாட்டில் இது வெட்கக்கேடு.

தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் வலி நிவாரணப் பராமரிப்பும் உண்டு. செவிலியர் வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுவார், வலியின் அளவை 'ஒரு ரூபாய்க்கு எத்தனை காசு' என்று கேட்பார். ஆனால் மார்பின் சீட்டு எழுதப் பயிற்சி பெற்ற டாக்டர் வேண்டும், மாத்திரை இருப்பில் இருக்க வேண்டும். கொல்லிமலையிலிருந்தோ கெங்கவல்லியிலிருந்தோ இதற்காகவே ஒரு நாள் கூலியை விட்டு சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இருக்கும்வரை, ஒவ்வொரு வட்டார அரசு ஆஸ்பத்திரியிலும் அது கிடைக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படி அல்ல.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது, அம்மாவோ அப்பாவோ நோயாளியாக இருந்தால் கூடப் போகிறவர் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மணிக்கு மாத்திரை, எந்த மணிக்கு வலி, ராத்திரித் தூக்கம் எப்படி, வெளிக்குப் போய் எத்தனை நாள். வலி எவ்வளவு என்பதோடு, தறியில் நாலு மணி நேரம் நிற்கணும், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுட்டு வரணும் என்று செய்ய விரும்பும் வேலையையும் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் மருந்தின் நேரத்தையும் அளவையும் அவர் அமைக்க முடியும். "இங்கே மார்பின் இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், எங்கே கிடைக்கும் என்று எழுதி வாங்காமல் திரும்பாதீர்கள்.