பெட்டிக்குள் பெருங்காயம்

ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பி என்னை எழுப்பினான். "அக்கா, தேங்காயெண்ணெய் பாட்டிலை எங்க வச்சே?"

தலைமாட்டில், துணிப்பைக்குள். அவன் வேறொன்றும் பேசவில்லை. டார்ச்சை என் கையில் திணித்துவிட்டுக் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தான்.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடகிழக்கில், ஸ்லூ கிரீக் ஓடைக்கரை முகாம். டென்வரில் கார் எடுத்து, கிராண்ட் டீட்டன் மலைகளடியில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வந்திருந்தோம். முகாமில் கனத்த இரும்புப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் வெளியே நீட்டிக்கொண்டிராது; ஒரு குழிவுக்குள் விரல்களை நுழைத்து நெம்பினால்தான் திறக்கும். கரடியின் பாதம் அதற்குள் போகாது. சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, கழுவிய அடுப்பு என்று மணம் ஒட்டியிருக்கிற எதுவும் அதற்குள் போயாக வேண்டும். எங்கள் பெட்டியில் புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, பெருங்காய டப்பா. அந்த ஊர்க் கரடிக்குப் பெருங்காயம் பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் ஆசையில்லை.

கூடாரத்திலிருந்து பெட்டி வரை நடப்பதற்குள் எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாரும் வந்து போனார்கள். திரும்பிப் படுத்த பிறகும் தூக்கம் பிடிக்கவில்லை. பாட்டிலைப் பூட்டியாயிற்று, சாயங்காலம் தலையில் தடவிய எண்ணெயை என்ன செய்வது?

மிருகங்களைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தது. வந்த இடத்தில் பொழுதெல்லாம் நாங்கள் செய்த வேலையோ, நாங்கள் இருக்கிற தடயத்தை ஒவ்வொன்றாக ஒளித்தது.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1872-ல் உருவான பூங்கா இது. 1930-களில் ஓட்டல் எச்சிலை ஓரிடத்தில் கொட்டி, சுற்றுலா வந்தவர்கள் உட்கார்ந்து பார்க்க எதிரே பலகை இருக்கைகள் போட்டிருந்தார்கள். சாயங்காலமானால் பழுப்புக் கரடிகள் வந்து மேயும். சனம் வேடிக்கை பார்க்கும். சாலையோரத்தில் கருங்கரடிகள் கார் கண்ணாடிக்குள் மூக்கை நீட்டி ரொட்டி வாங்கித் தின்றன. நம் மலைக்கோயில் படியில் தேங்காய் மூடியைப் பிடுங்கும் குரங்கைப் பார்த்தவர்களுக்கு மிச்சக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளிடம் காயம்பட்டார்கள். 1970-ல் கடைசிக் குப்பைமேட்டையும் மூடினார்கள். எச்சிலுக்குப் பழகிப்போன கரடிகள் விடாமல் முகாம்களைத் தேடி வந்தன. அவற்றில் பலவற்றைக் கொல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பலகைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் கரடியை இருபது முப்பது கெஜத்தில் பார்த்திருக்கலாம். என்னைக் கேட்டால், அவர்கள் பார்த்தது தங்கள் எச்சிலைத்தான்.

இன்றைய விதி கறாரானது. கரடி, ஓநாய், மலைச்சிங்கம் என்றால் 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மற்றவற்றுக்கு 23 மீட்டர். இந்தக் கணக்கைக் காட்டெருமைகள் படித்ததில்லை. முந்தின நாள் ஒரு கிடா நடுரோட்டில் நடந்து வந்து எங்கள் கதவை உரசுகிறாற்போல் போனது. கண்ணாடியில் அதன் மூச்சு படர்ந்து மறைந்தது. முன்னும் பின்னும் நாற்பது கார்கள், ஒரு ஹாரன் சத்தமில்லை. அது எங்களைப் பார்த்ததா என்றால், வழியில் கிடக்கும் பாறையை நாம் பார்ப்போமே, அந்த அளவுக்கு.

எனக்கு அது புதிது. கல்யாண வீட்டு வாசலில் "வாங்க" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதற்காகப் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த குடும்பம் எங்களுடையது. கண்டும் காணாமல் போவதைவிடப் பெரிய அவமானம் எங்கள் ஊரில் கிடையாது. காட்டிலோ கணக்கு தலைகீழ். ஒரு மிருகம் நம்மைப் பொருட்படுத்தாமல் தன் பாட்டைப் பார்ப்பதுதான் அங்கே விருந்தாளிக்குக் கிடைக்கிற மரியாதை. நம்மைக் கண்டு அது பயந்தாலும் சரி, கையேந்தினாலும் சரி, நாம் பார்ப்பது அதன் வாழ்க்கையை அல்ல, அதற்குள் விழுந்த நம் நிழலை.

விடியுமுன் லமார் பள்ளத்தாக்குக்குப் போனோம். சாலையோரத்தில் முக்காலிகளில் தொலைநோக்கிகளை நிறுத்தி, கம்பளிக் குல்லாயுடன் பத்துப் பதினைந்து பேர். யாரும் உரக்கப் பேசவில்லை. இந்தப் பள்ளத்தாக்கில், சோடா பியூட் அருகே, 1926-ல் பூங்காவின் கடைசி ஓநாய்க் குட்டிகள் இரண்டைக் கொன்றார்கள். அப்புறம் ஏறக்குறைய எழுபது வருஷம் ஊளை கேட்காத இடம். 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவற்றின் வம்சத்தில் சிலவற்றுக்கு இன்றும் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டுகிறார்கள். ஆகவே நாம் முழுக்க ஒதுங்கிவிட்டோம் என்று பெருமையடித்துக்கொள்வதற்கில்லை.

பக்கத்தில் நின்ற வயதான அம்மாள் ஒருவர், என் உயரத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே தன் முக்காலியின் கால்களைத் தாழ்த்தினார். ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, சாம்பல் பச்சைப் புதர்களுக்கிடையே ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்தது. கண்ணைப் பழக்கிக்கொண்ட பிறகு அதற்குக் காலும் வாலும் முளைத்தன. காட்டெருமைக் கூட்டத்தின் ஓரமாக, செம்பழுப்புக் கன்றுகளைத் தாண்டிப் போனது. தாய் எருமைகள் தலையை நிமிர்த்தின. ஓநாய் நின்றது, தரையை மோந்தது, ஒரு தரம் உடம்பை உதறிக்கொண்டது. பிறகு அதே ஓட்டநடையில் சரிவேறியது. எங்கள் பக்கம் திரும்பவேயில்லை.