உப்பிட்டவர் யார்?

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். சரி, உப்பிட்டவர் யார்? இலை ஓரத்தில் வைத்தவரா, பாத்தியில் இறங்கி வாரியவரா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிறவர்கள் மரக்காணத்தில் பார்த்திருப்பீர்கள்... வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். காரை நிறுத்தி போட்டோ எடுப்போம். அங்கே வேலை செய்கிறவருக்கு அது நாள் முழுக்கக் கண்ணைக் குத்துகிற வெள்ளை. பாத்தியை மிதித்து இறுக்கி, தண்ணீர் பாய்ச்சி, காயவிட்டு, வாரிக் கரையேற்றுவதற்குள் கால் வெடித்துவிடும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அந்த வேலையும் கிடையாது.

அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தர 2022-ல் தமிழக அரசு ஆரம்பித்தது. நல்ல காரியம். பசித்தவரிடம் போய்த் தத்துவம் பேசக் கூடாது. ஆனால், கொடுப்பதோடு ஒரு தலைவரின் வேலை முடிந்துவிடுகிறதா?

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-ல் ஊராட்சித் தலைவரானவர் இளங்கோ. கெமிக்கல் இன்ஜினீயர். வடிகால் கட்ட, கிரானைட் பட்டறையில் கழித்துப் போட்ட கற்களையே பயன்படுத்தினார். பணம் மிச்சம். எஸ்டிமேட்படி செய்யவில்லை என்று அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். கிராம சபை கூடியது. தலைவர் செய்தது சரி என்று ஊரே நின்றது. பதவி திரும்பி வந்தது.

இதில் எனக்குப் பிடித்தது கல் கதை இல்லை. தலைவர் தப்பு செய்தாரா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் ஊர் ஜனங்கள் இருந்தார்களே, அதுதான். பயனாளிகள் கை தட்டலாம். கணக்கு தெரிந்தவர்கள்தான் சாட்சி சொல்ல முடியும்.

இருளர்களைப் பாருங்கள். பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும் பிழைப்பு போனது. 1978-ல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, திரும்பக் காட்டில் விடுவது. இன்றைக்கு நம் நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பெரும்பகுதி விஷம் அவர்கள் தருவதுதான். புதிதாக யாரும் வித்தை கற்றுத்தரவில்லை. கையில் இருந்த வித்தைக்குச் சட்டப்படி ஒரு வழி திறந்தது, அவ்வளவுதான்.

"உப்பு மத்திய அரசுப் பட்டியல்ல இருக்கு சார், உள்ளூர்த் தலைவர் என்ன பண்ணுவார்?" என்பீர்கள். நியாயம்தான். காலடியில் விளையும் உப்பைப் பற்றிச் சட்டம் போட அந்த ஊருக்கு அதிகாரமில்லை. ஆனால் அளத்துக்குப் போகிற பெண்களுக்கு ஒரு நிழல், குடிதண்ணீர், கழிப்பறை? மரக்காணம் வட்டாரத்து இருளர் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்க ஆபீஸ் வரைக்கும் கூடப் போவது? சேர்ந்து உப்பைப் பாக்கெட் போட்டு விற்க நினைக்கும் பெண்களுக்கு ஒரு கட்டடம்? இதற்கெல்லாம் டெல்லி உத்தரவு தேவையா?

கொடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. வாங்கியவர் கும்பிடுவார். வழியைத் திறந்து விட்டால் அந்தக் கும்பிடு கிடைக்காது. நாளைக்கே எதிரில் உட்கார்ந்து கணக்குக் கேட்பார். அதைத் தாங்கிக்கொள்ளும் மனசு இருக்கிறதா என்பதுதான் தலைவருக்கான பரீட்சை.

உப்பு வாருகிறவரை நாம் உள்ளளவும் நினைக்காவிட்டால்கூடப் பரவாயில்லை. அவர் ஊர்க் கூட்டத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, முதலில் அவரைப் பேசவிடட்டும்.