பார்த்துச் சொல்லும் அறம்

நல்லெண்ணம் ஒன்றே மனிதனைக் குற்றத்தினின்று விடுவிக்குமா? பிரிட்டனில் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு ஆஸ்பிரின் கொடுப்பது ஒருகாலத்தில் வழக்கமாயிருந்தது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்கு அஞ்சி, 1986-இல் 12 வயதுக்குட்பட்டோருக்கு அது விலக்கப்பட்டது. 2002-இல் அவ்வரம்பு 16 ஆக உயர்த்தப்பட்டது. நேற்று மருந்தென்று கற்றது இன்று தீங்கெனத் தெளியலாம். லண்டன் மருந்தாளுநர் வில்லியம் மார்ட்டின்டேல் 1883-இல் வெளியிட்ட மருந்து விவர நூல், அவர் மறைவுக்குப் பின்னும் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டு வருவது இதனாலன்றோ?

நூல் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் திறவாதவரின் அறியாமை, தவிர்த்திருக்கக்கூடிய அறியாமை. அதற்கு அவரே பொறுப்பாளி. "சற்றுப் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்னும் மருந்தாளுநரோ, தம் நினைவாற்றலின் பெருமையினும் முன்நிற்பவரின் உயிரைப் பெரிதாக மதிக்கிறார். பிறர்க்கு அறிவுரை கூறும் நம் எல்லோர்க்கும் அந்தத் தயக்கம் அணிகலனாகும்.