மன்னிக்கும் உரிமை யாருக்கு?

பிறருக்கு இடையூறு விளைக்கும் ஒரு செயலைச் செய்தவரிடம் கட்டணம் பெற்றுக்கொண்டு அரசு அதனைச் செல்லுபடியாக்கிவிட்டால், அச்செயலில் இருந்த குற்றம் நீங்கிவிடுமா? இது ஏட்டோடு நின்றுவிடும் வினா அன்று. தாம்பரம், பல்லாவரம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் எனச் சென்னைக்குத் தெற்கே மனை வாங்கிக் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றின் பீரோவில் உறங்கும் பத்திரங்களைத் தொட்டு நிற்கும் வினா.

நடந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். மனை பிரிப்பதற்கும் கட்டடம் எழுப்புவதற்கும் முன்னனுமதி வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். ஆயினும் வயல்கள் அனுமதியின்றியே கூறுபோட்டு விற்கப்பட்டன. கட்டடங்களும் அவ்வாறே உயர்ந்தன. 28-2-1999க்கு முன் விதி மீறிக் கட்டப்பட்டவற்றைக் கட்டணம் பெற்று ஏற்றுக்கொள்ள அச்சட்டத்தில் 113-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரே முறை வழங்கும் சலுகை என்றார்கள். பின்னர் எல்லைத் தேதி மீண்டும் மீண்டும் நகர்ந்தது. அந்த நீட்டிப்புகள் செல்லா எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. 2016 செப்டம்பரில் அதே நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தது. மகளின் திருமணச் செலவுக்கென ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருந்தவர் அதனை விற்கவும் இயலாமல் திகைத்த காலம் அது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்தன. 20-10-2016 அன்றோ அதற்கு முன்னரோ ஒரு மனையேனும் பதிவுபெற்று விற்பனையாகியிருந்த மனைப்பிரிவுகளுக்குக் கட்டணத்தின் பேரில் வழி திறந்தது.

மார்க்கச் சட்ட வல்லுநர்கள் உரிமைகளை இருவகையாகப் பிரித்தனர். ஒன்று ஹக்குல்லாஹ், மற்றொன்று ஹக்குல் இபாத். அடியார்களுக்குரிய உரிமையை அவ்வடியாரே விட்டுக்கொடுக்க வேண்டும். காஜியாருக்கோ ஆட்சியாளருக்கோ அதில் கையில்லை. இந்தப் பகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நகராட்சி விதிகளைப் பார்த்தால் பல முடிச்சுகள் அவிழும் என்பது நம் கருத்து. உரிய காலத்தில் விண்ணப்பிக்காதது அரசுக்கும் குடிமகனுக்கும் இடைப்பட்ட விவகாரம். அதை அரசு மன்னிக்கலாம், அபராதமும் வாங்கலாம். ஆனால், சுவருக்கும் எல்லைக்கும் இடையே விடவேண்டிய இடம் யாருடையது? அண்டை வீட்டாரின் காற்றும் வெளிச்சமும் அதில் இருக்கின்றன. தெருவின் அகலம் தெருவார் அனைவருக்கும் உரியது. பாதையின் அகலம் பற்றிப் பூசல் எழுந்தால் ஏழு முழம் விட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. பதினான்காம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் கொத்தராகப் பணிபுரிந்து, காஜிக்கு ஆலோசனையும் கூறிவந்த இப்னுர் ராமீ, கட்டடச் சட்டத்துக்கென்றே ஒரு நூல் எழுதிவைத்தார். சன்னலும் சுவரும் சாக்கடையும் நம் முன்னோருக்கு அற்ப விஷயங்களாகத் தோன்றவில்லை.

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வீடு வீடாகச் சென்று சொல்லாலும் செயலாலும் நேர்ந்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுவது நம்மிடையே வழக்கம். பக்கத்து வீட்டுச் சன்னலை மறைத்து நிற்கும் தம் சுவரைக் குறிப்பிட்டு யாரும் பொறுக்கக் கேட்டதாக நாம் அறியோம்.

மனை வாங்கியவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. அவருள் பெரும்பாலோர் தரகரின் வாக்கை நம்பி, சிறுகச் சிறுகச் சேர்த்ததைக் கொட்டியவர்கள். அவருக்கு வரன்முறை அளித்தது நியாயமே. ஆனால், நிலத்தைக் கூறுபோட்டவர் எங்கே? முறைப்படி அனுமதி பெறும் பெரிய மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்கும் திறந்தவெளிக்கும் ஒதுக்கித் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அனுமதியற்ற மனைப்பிரிவில் அந்தப் பங்கும் மனையாகி விலைபோயிற்று. விற்றவர் பணத்தோடு விலகிச் சென்றார். கட்டணம் வாங்கியவர் தலையில் விழுந்தது. அக்கட்டணத்தை எத்தனை மடங்கு உயர்த்தினாலும், குழந்தைகள் விளையாட வேண்டிய நிலம் அத்தெருவுக்குத் திரும்பி வராது.

நீரின் வழி இதனினும் நுட்பமானது. கீழ்க்கட்டளை ஏரி நிறைந்தால் மிகைநீர் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கும் செல்ல வேண்டும். மேலே கால்வாயை ஒருவர் ஒரு கெஜம் நெருக்கினால், கீழே இன்னொருவர் வீட்டுக்குள் தண்ணீர் ஒரு சாண் ஏறும். இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை. யாரிடம் சென்று பொறுக்கக் கேட்பது? 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்தவர்களுக்கு இது விளக்க வேண்டாத செய்தி. நீர்நிலையிலும் நீர்வழியிலும் அரசுப் புறம்போக்கிலும் அமைந்த மனைகளுக்கு வரன்முறை இல்லை என 2017ஆம் ஆண்டின் விதிகளே கூறுகின்றன. அவ்விதியை வரைந்த அதிகாரிகள் ஃபிக்ஹு கற்றவர்கள் அல்லர். எனினும், தம்மால் மன்னிக்க இயலாத ஒன்று உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

2021 நவம்பரில் பல்லாவரம் நகராட்சியோடு கீழ்க்கட்டளையும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. 2024 ஜூலை முதல், 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீடு கட்டுவோர், தாமே சான்றளித்து இணையவழி உடனே அனுமதி பெறலாம். அலைச்சலும் கையூட்டும் குறைய இது நல்ல ஏற்பாடுதான். ஆனால், சான்றில் நாம் எழுதும் பக்க இடைவெளி உண்மைதானா என்று முன்கூட்டியே அளந்து பார்க்க அலுவலர் வரமாட்டார். சுவருக்கு அப்பால் குடியிருப்பவரோ அந்த அளவை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பார்.